உடன் நடுங்கும் உள்ளம்

பேரப்பிள்ளைகள் மேற்படிப்புத் தேர்வுகளுக்காக ஆங்கிலச் சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்யும் காலம் இது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பொருள் கேட்கும் பணி, வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு வந்து சேர்கிறது. எனக்கும் அந்தப் பணி வந்து சேர்ந்தது. அப்படிக் கேட்டுக்கொண்டே வரும்போது ஒரே பக்கத்தில் நான்கு சொற்கள் கண்ணில் பட்டன. சிம்பதி, எம்பதி, கம்பேஷன், கமிசரேட். நான்குக்கும் எதிரே தமிழில் இரக்கம் என்றோ, இரங்குதல் என்றோதான் எழுதப்பட்டிருந்தது.

நான்கும் ஒரே பொருள் என்றால் நான்கு சொற்கள் எதற்கு? வாழ்நாளின் பெரும்பகுதியை வங்கியில் கணக்குப் பார்த்துக் கழித்தவனுக்கு, ஒரே தலைப்பின்கீழ் நான்கு கணக்குகள் இருந்தால் அவற்றினிடையே வேறுபாடு என்ன என்று பார்க்காமல் விட மனம் வராது. அகராதிகளைப் புரட்டினேன். சொல்லாராய்ச்சியாகத் தொடங்கிய அந்தத் தேடல், நாம் அன்றாடம் வலம் வரும் பிராகாரத்திலும், துக்கம் விசாரிக்கச் செல்லும் வீட்டு வாசலிலும் கொண்டுபோய் என்னை நிறுத்தியது. அதனை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கரையில் நிற்பதும் உள்ளே இறங்குவதும்

சிம்பதி என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ‘சின்’ என்றால் கூட, உடன். ‘பாதோஸ்’ என்றால் உணர்ச்சி, துன்பம். ஆகவே உடன் உணர்தல் என்பது அதன் வேர்ப்பொருள். கம்பேஷன் என்பது இலத்தீன் வழி வந்தது. அதற்கும் உடன் துன்புறுதல் என்றே பொருள். நோயாளியைக் குறிக்கும் ‘பேஷன்ட்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். கமிசரேட் என்பது வினைச்சொல். பிறர் துயரைக் கேட்டு, அவரோடு சேர்ந்து வருந்துவதை, வருத்தத்தை வாய்விட்டுச் சொல்வதை அது குறிக்கும்.

எம்பதி மட்டும் சற்றே வேறுபடுகிறது. அதன் முற்பகுதி ‘உடன்’ என்று சொல்லவில்லை. ‘உள்ளே’ என்று சொல்கிறது. பிறருடைய உணர்ச்சிக்குள் புகுந்து, அவர் நிலையில் நின்று, அவருக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே உணர முயல்வது எம்பதி. ஆற்றில் ஒருவர் தத்தளிக்கும்போது கரையில் நின்று ‘ஐயோ பாவம்’ என்று பதறுவது ஒரு நிலை. அந்த நீரின் குளிர்ச்சியும், மூச்சு முட்டுதலும், கால் பாவாத அச்சமும் எத்தகையவை என்று தன் நெஞ்சில் உணர்வது இன்னொரு நிலை. ஆங்கிலத்தில் முன்னதைச் சிம்பதி என்றும், பின்னதை எம்பதி என்றும் இன்று வேறுபடுத்திச் சொல்கிறார்கள்.

வியப்பு என்னவென்றால், இத்தனை பெருமையாகப் பேசப்படும் எம்பதி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். 1873-ஆம் ஆண்டில் ராபர்ட் விஷர் என்ற ஜெர்மானிய அறிஞர், ஓவியம், சிற்பம் ஆகியவற்றைப் பார்க்கும்போது நம் உணர்வு அந்த வடிவத்துக்குள் சென்று கலப்பதைக் குறிக்க ‘ஐன்ஃபூலுங்’ என்ற சொல்லைக் கையாண்டார். உள்ளே புகுந்து உணர்தல் என்பது அதன் பொருள். பின்னர் மியூனிக் நகரப் பேராசிரியர் தியோடர் லிப்ஸ் அதனை மனித உறவுகளுக்கும் விரித்தார். கயிற்றின்மேல் நடக்கும் வித்தைக்காரனை அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். கழைக்கூத்தாடி கயிற்றில் தடுமாறும்போது, கீழே நிற்கும் நம் உடலும் ஒரு கணம் தடுமாறுவதில்லையா? அந்தக் கணத்தில் நாம் கீழே இல்லை, கயிற்றின்மேல் அவனோடு இருக்கிறோம் என்பது அவர் கருத்து. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் டிச்சனர், அந்த ஜெர்மன் சொல்லுக்கு நிகராக 1909-இல் எம்பதி என்ற சொல்லை ஆங்கிலத்தில் வழங்கினார். கலை ரசனையில் பிறந்த சொல் இவ்வாறு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தது.

வங்கித் தொழிலில் இருந்தவர்கள் ஆடம் ஸ்மித் என்ற பெயரை மறக்க முடியாது. 1776-இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூலால் பொருளியலின் தந்தை என்று போற்றப்படுபவர் அவர். ஆயினும் அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 1759-இல், அவர் அறவுணர்ச்சிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனிதன் எவ்வளவு தன்னலம் உடையவன் ஆனாலும், பிறர் இன்ப துன்பங்களில் அவனுக்கு இயல்பாகவே ஒரு நாட்டம் இருக்கிறது என்ற கருத்தோடுதான் அந்த நூல் தொடங்குகிறது. வரவு செலவைப் பற்றி உலகுக்குக் கற்பித்தவர், முதலில் கற்பிக்க எண்ணியது உடன் உணர்தலைத்தான்.

நம் மொழியில் இருக்கும் செல்வம்

இனி நம் பக்கம் திரும்புவோம். அனுதாபம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தாபம் என்றால் வெம்மை, எரிச்சல். ஒருவர் துயரத்தில் வெந்துகொண்டிருக்க, அவரைப் பின்பற்றி நாமும் வேகுவதே அனுதாபம். பச்சாதாபம் என்பதையும் இரக்கம் என்ற பொருளிலேயே பலர் வழங்குகிறோம். வடமொழியில் அதற்குப் பொருள் வேறு. செய்த பிழைக்காகப் பின்னால் வெந்து வருந்துவது அது.

இவற்றையெல்லாம்விட என் நெஞ்சைத் தொட்டது அனுகம்பை என்ற சொல். கம்பம் என்றால் நடுக்கம். பூமி நடுங்குவது பூகம்பம் அல்லவா? ஒருவர் உள்ளம் நடுங்கும்போது, அதனோடு சேர்ந்து தானும் நடுங்குவது அனுகம்பை. பகவத்கீதையின் பத்தாம் அத்தியாயத்தில், தன்னை நாடும் அடியவரின் அறியாமை இருளை ஞான விளக்கால் போக்குவதாகக் கூறும் கண்ணபிரான், அதனைச் செய்வதற்குக் காரணமாகச் சொல்வது இந்த அனுகம்பையைத்தான். நம்மிடம் பகவான் கொண்டிருப்பது உயரத்தில் இருந்துகொண்டு காட்டும் தயவு அன்று. நம்மோடு சேர்ந்து நடுங்கும் நெஞ்சம் என்று அந்தச் சொல் நமக்கு உணர்த்துகிறது.

தமிழில் பரிவு உண்டு, அருள் உண்டு, கண்ணோட்டம் உண்டு. கண்ணோட்டத்துக்கென்றே திருவள்ளுவர் 58-ஆவது அதிகாரத்தை ஒதுக்கினார். அதுவும் அரசனுக்கு உரிய குணங்களைச் சொல்லும் பகுதியில் அதனை வைத்தார். ஆளுகிறவனுக்கே அது முதலில் வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும். இன்னாசெய்யாமை அதிகாரத்தில், பிற உயிரின் வலியைத் தன் வலியாகக் கொள்ளாதவனுக்கு, அவன் பெற்ற அறிவினால் என்ன பயன் என்று வினவுகிறார். எம்பதி என்ற சொல் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த வினா அது.

ஆரூரில் ஒரு தாய்ப்பசு

திருவாரூர்ப் பெருங்கோயிலைத் தரிசித்தவர்கள், கோயிலை ஒட்டி இருக்கும் கல்தேரையும் பார்த்திருப்பார்கள். மனுநீதிச் சோழன் வரலாற்றைச் சொல்லும் சிற்பம் அது. இளவரசன் ஏறிச் சென்ற தேரின் சக்கரத்தில் ஒரு கன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. இதனை நாம் எப்போதும் நீதிக்கு எடுத்துக்காட்டாகவே சொல்கிறோம். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் காட்டும் மன்னனின் உள்ளத்தைச் சற்றே நின்று பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது.

மன்னர் துயரத்தில் ஆழ்ந்தபோது, சாத்திரம் விதித்த கழுவாயைச் செய்துவிட்டால் போதும் என்று அமைச்சர்கள் எடுத்துரைத்தார்கள். தவறான ஆலோசனை என்று அதனைச் சொல்லிவிட முடியாது. விதிமுறை அப்படித்தான் இருந்தது. ஆனால் மன்னர் கேட்டது வேறு கேள்வி. அந்தக் கழுவாயால் கன்றை இழந்து கதறும் இந்தப் பசுவின் நோய் தீருமா? அது படும் துயரத்தைத் தானும் படுவதே தக்கது என்று அவர் துணிந்தார். தண்டனை எவ்வளவு என்று கணக்கிடவில்லை. அந்தத் தாய் எதை இழந்து நிற்கிறாளோ, அதை இழந்தால் எப்படி இருக்கும் என்ற இடத்தில் போய் நின்றார். பேச்சற்ற ஓர் உயிரின் துயரத்துக்குள் அவர் புகுந்ததனால்தான், ஆரூர்ப் பெருமான் விடைமேல் தோன்றி, மாண்டவர் எல்லோரையும் எழுப்பித் தந்தருளினார்.

ஸ்ரீமத் பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் ரந்திதேவர் என்ற அரசரின் சரிதம் வருகிறது. 48 நாட்கள் நீரும் இன்றிப் பட்டினி கிடந்தவர். கடைசியில் கிடைத்த உணவை, வந்து கேட்டவர்க்கெல்லாம் பகிர்ந்து கொடுத்தார். எஞ்சியிருந்த தண்ணீரைப் பருகப் போகும்போது, தாகத்தோடு வந்த ஒருவருக்கு அதனையும் ஈந்தார். அவர் இறைவனிடம் வேண்டியது சித்திகளை அன்று, மோட்சத்தையும் அன்று. எல்லா உயிர்களின் உள்ளேயும் தான் இருந்து, அவை படும் துன்பத்தைத் தான் ஏற்க வேண்டும் என்பதே அவர் வேண்டுதல். ‘உள்ளே’ என்று அவர் சொன்னதைக் கவனியுங்கள். ஜெர்மானிய அறிஞர் 1873-இல் தேடிய சொல் அதுவேயல்லவா?

ஒரு பிரம்படி, எல்லோர் முதுகிலும்

பிறர் துன்பம் நமக்கு எப்படி வலிக்கும்? அவர் வேறு, நாம் வேறுதானே என்ற ஐயம் எழலாம். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் நடக்கும் பிட்டுத் திருவிழா இதற்கு விடை சொல்கிறது. வைகையில் வெள்ளம் பெருகியது. கரையை அடைக்க வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்பது அரச கட்டளை. ஆளற்ற கிழவி வந்திக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு சொக்கநாதரே கூலியாளாக வந்தார். வேலை செய்யாமல் உறங்கியவரைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், எல்லா உயிர்களின் மீதும் விழுந்தது.

எல்லோருக்குள்ளும் இருப்பது ஒன்றே என்பதனால் ஒருவர்மேல் விழும் அடி எல்லோர்க்கும் வலிக்கிறது. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், தன்னையே உவமையாகக் கொண்டு எவ்விடத்தும் இன்பத்தையும் துன்பத்தையும் சமமாகக் காண்பவனே மேலான யோகி என்று பகவான் அருளுகிறார். வள்ளலார் இதனையே ஆன்மநேய ஒருமைப்பாடு என்று வகுத்தார். வகுத்ததோடு நில்லாமல் 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அன்று மூட்டிய நெருப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்க்குச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறது.

துக்கம் விசாரிக்கும் வீட்டில்

புராணத்திலிருந்து நம் தெருவுக்கு வருவோம். என் வயதை ஒத்தவர்களுக்குத் திருமண அழைப்பிதழ்களுக்கு நிகராகத் துக்கச் செய்திகளும் வருகின்றன. நம் முன்னோர் இதற்கென வகுத்த வழக்கங்களில் எத்தனை நுட்பம் இருந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டார் கேட்காமலே சோறு கொண்டுவந்து வைப்பார்கள். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் தழுவி, வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைப்பார்கள். விடைபெறும்போது ‘போய் வருகிறேன்’ என்று சொல்லும் வழக்கம் இல்லை. பேச்சின்றி எழுந்து செல்வார்கள். அந்த வழக்கங்களில் செயலும் தொடுதலும் மௌனமும் நிறைந்திருந்தன. அறிவுரை மிகக் குறைவு.

இன்று அறிவுரை மிகுந்துவிட்டது. மகனைப் பறிகொடுத்த தாயிடம் ‘எல்லாம் விதி’ என்கிறோம். எழுபது வயதில் துணையை இழந்தவரிடம் ‘நல்ல சாவு, கொடுத்துவைத்தவர்’ என்கிறோம். ஒரு பிள்ளையை இழந்தவரிடம் ‘இன்னொரு பிள்ளை இருக்கிறானே’ என்கிறோம். விதி, கர்மவினை என்பனவெல்லாம் நாம் நம்பும் உண்மைகள்தாம். ஆயினும் தன் துயரத்தைத் தாங்கத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொற்கள் அவை. பிறர் வாயிலிருந்து வரும்போது ‘அழாதே, எழுந்து போ’ என்பது போல அவை ஒலிக்கின்றன. கழுவாய் போதும் என்று சொன்ன அமைச்சர்களின் இடத்தில் நின்று நாம் பேசுகிறோம்.

இன்னொரு பழக்கமும் முதியவர்களாகிய நம்மிடம் உண்டு. ஒருவர் தம் முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கினால், அவர் முடிப்பதற்குள் நம் இடுப்பு வலியைச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். ‘எனக்கும் அப்படித்தான்’ என்ற சொல் உடன் உணர்வது போலத் தோன்றும். உண்மையில் அவர் கையிலிருந்த பேச்சை நாம் வாங்கிக்கொண்டுவிட்டோம். அவர் சொல்லவந்த துயரம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

உள்ளே புகுந்து உணர்வது எப்படி என்பதை, பணிக்காலத்தில் என்னோடு இருந்த எழுத்தர் ஒருவரிடம் கண்டிருக்கிறேன். தஞ்சை மாவட்டத்துக் கிளை ஒன்றில் நடந்தது. கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், தம்பதியர் பெயரில் இருந்த கூட்டுக் கணக்கின் பாஸ்புத்தகத்தோடு மாதந்தோறும் வருவார். இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் கணவர் பெயரை நீக்கிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் கவுண்ட்டரில் சொல்லப்படும். தலையசைத்துவிட்டுப் போவார். அடுத்த மாதம் சான்றிதழ் இல்லாமலே வருவார். அவருக்கு விதிமுறை விளங்கவில்லை என்பதே கிளையில் பலருடைய எண்ணம்.

அந்த எழுத்தர், நடுத்தர வயதுப் பெண்மணி, ஒருநாள் என்னிடம் சொன்னார். “சார், அந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்குகிறது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர்கள் இருவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. அது போய்விடுமே என்றுதான் சான்றிதழை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்.”

அடுத்த முறை மூதாட்டி வந்தபோது, அவரை நாற்காலியில் அமரச் செய்து, அருகில் தாமும் அமர்ந்தார். “அம்மா, புதுப் புத்தகம் உங்கள் பெயரில் வரும். இந்தப் பழைய புத்தகத்தை நாங்கள் வாங்கிக்கொள்ளமாட்டோம். ஐயா பெயரோடு இது உங்களிடமே இருக்கட்டும்” என்றார். மூதாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு, சான்றிதழை எடுத்துவர வீட்டுக்குப் புறப்பட்டார். கணக்கு முடித்தபின், ரத்து என்ற முத்திரையைக் கடைசிப் பக்கத்தில் மட்டும் இட்டு, முதல் பக்கத்தைத் தொடாமல் அந்தப் புத்தகம் அவரிடம் தரப்பட்டது. விதிமுறை எதுவும் மீறப்படவில்லை. அவர் எதை இழக்க அஞ்சினார் என்பதை ஒருவர் உணர்ந்தார், அவ்வளவே. பட்டியலில் எம்பதி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பெண்மணியின் முகம்தான்.

தாயும் ஆனவர்

உணர்ந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்குத் திருச்சி மலைக்கோட்டையில் விடை இருக்கிறது. பிரசவ வேதனையில் இருந்த மகளிடம் செல்லப் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். தனித்துத் தவித்த அந்தப் பெண்ணுக்குப் பெருமான் அவளுடைய தாயின் உருவிலேயே வந்து, பேறுகாலப் பணிகள் அனைத்தையும் செய்தார் என்பது தலபுராணம். அதனால்தான் அவருக்குத் தாயுமானவர் என்று திருநாமம். அந்த லீலையைச் சித்திரைப் பெருவிழாவில் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பெருமான் நினைத்திருந்தால் காவிரி வெள்ளத்தை வடியச் செய்திருக்கலாம்; வலியை ஒரு நொடியில் நீக்கியிருக்கலாம். ‘கவலைப்படாதே, நான் இருக்கிறேன்’ என்று அசரீரியாகச் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு யார் தேவையோ, அவராகவே ஆனார். வெந்நீர் வைத்தார், மருந்து கொடுத்தார், பக்கத்தில் இருந்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வரும்வரை இருந்தார். கரையில் நின்று இரங்குவது, உள்ளே புகுந்து உணர்வது, உணர்ந்தபின் வேண்டியதைச் செய்வது ஆகிய மூன்றும் அந்த ஒரு திருநாமத்தில் நிறைவு பெறுகின்றன.

எளிய பயிற்சி

நம்மால் பெரிய தொண்டுகள் செய்ய உடல் இடம் கொடாமல் இருக்கலாம். ஆனாலும் கோயிலுக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் செய்யக்கூடிய பயிற்சிகள் சில உண்டு. துக்கம் நடந்த வீட்டுக்கு, பதினாறாம் நாள் காரியத்தோடு போக்குவரத்தை நிறுத்திவிடாமல், உறவினர் கூட்டம் கலைந்த பிறகு ஒருமுறை சென்று வரலாம். தனிமை தொடங்குவது அப்போதுதான். ஒருவர் பேசும்போது, அவர் முடிக்கும்வரை நம் கதையைத் தொடங்காமல் இருக்கலாம். இறந்தவரைப் பற்றிப் பேசினால் அழுவார்களே என்று தவிர்க்காமல், அவர் பெயரைச் சொல்லி, அவர் செய்த நல்லதொன்றை நினைவுகூரலாம். பெயரைக் கேட்பதே அவர்களுக்கு ஆறுதல். என்ன சொல்வதென்று தெரியாதபோது சொல்லாமலே இருக்கலாம். அருகில் அமர்ந்திருப்பதற்கு இலக்கணம் ஏதும் தேவையில்லை.

தரிசனம் முடிந்து, கொடிமரத்தருகே வணங்கி எழுந்ததும், பிராகாரத்தில் சற்று நேரம் அமர்ந்துவிட்டுச் செல்வது நம் வழக்கம். இனி அமரும்போது, தூணோரத்தில் தனியே இருப்பவர் யாரேனும் உண்டா என்று ஒருமுறை பார்ப்போம். ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டு அவர் பக்கத்தில் அமர்வோம். கருவறையில் நாம் கண்டு வணங்கிய அதே பெருமான்தான் அங்கும் யாரேனும் வரமாட்டார்களா என்று காத்திருக்கிறார். நடுங்கும் உள்ளத்தோடு தானும் நடுங்கி, தாயாகவே வந்து நிற்கும் அந்தப் பெருங்கருணை, நம் நெஞ்சிலும் ஒரு துளியேனும் சுரக்கத் தாயுமானவர் திருவடிகளை வேண்டுவோமாக.